உயிருள்ள மாத்திரை

கோதண்டத்துக்கு வயிறு கெட்டது ஒரு பல்லால்தான். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை விழுந்து, சீழ் வைத்து, கன்னம் வீங்கியது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு பல் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்ததும் திரும்ப வரச் சொன்னார். கோதண்டம் போகவில்லை. மறுபடி வலி வந்தபோது காலி அட்டையை மருந்துக் கடையில் நீட்டி அதே மாத்திரையை வாங்கினான். அது கேட்காமல் போகவே கடைக்காரர் எடுத்துக் கொடுத்த இன்னும் வீரியமான ஒன்றையும் விழுங்கினான். பல்வலி நின்றது. வயிற்றால் போக ஆரம்பித்தது.

வேறு வேலையில் இருந்திருந்தால் இதை யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். கோதண்டம் எண்ணூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கிரேன் ஓட்டினான். ரப்பர் சக்கரங்கள் மேல் நிற்கும் நாலுகால் கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தெரியும் கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே பெட்டிகளைத் தூக்கவும் இறக்கவும் வேண்டும். ஏறிவிட்டால் மாற்று ஆள் வரும்வரை இறங்க முடியாது. இறங்கினால் கீழே டிரெய்லர்கள் வரிசை கட்டிவிடும். சிறுநீருக்கு எல்லா ஆபரேட்டரும் பாட்டில் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மற்றதுக்கு வழியே கிடையாது.

முதல் வாரம் எப்படியோ சமாளித்தான். வேலைக்கு வருமுன் சாப்பிடுவதை நிறுத்தினான். தண்ணீரையும் குறைத்தான். சூப்பர்வைசர் லோகநாதனிடம் சொல்லவில்லை. சொன்னால் கீழே இறக்கிவிடுவார்கள், கூண்டில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான் என்று பயம். குப்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் கிரேனுக்கு வந்தவன். அந்தக் கூண்டு கிடைக்க அவன் பல வருஷம் கீழே நின்று கொக்கி மாட்டியிருக்கிறான்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அலெக்ஸாண்டர். அவனுடைய மாற்று ஆபரேட்டர், ராயபுரத்துக்காரன். இரண்டு பேரும் ஒரே பேட்சில் பயிற்சி முடித்தவர்கள். ஒருநாள் மத்தியானம் வாக்கி-டாக்கியில் கூப்பிடாமல் செல்போனில் கூப்பிட்டான் கோதண்டம்.

"மாமு, சீக்கிரம் வா. தாங்க முடியல."

அலெக்ஸாண்டர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஓடி வந்தான். ஏணியில் பாதி வழியில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போனார்கள். ஷிப்டு முடிந்ததும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் வைத்து முழுக் கதையையும் கேட்டுக்கொண்டான்.

"இத்த ஏன்டா முன்னாடியே சொல்லல? என்னாண்ட மருந்து கீது."

மறுநாள் ஒரு பெரிய டப்பாவையும் ஒரு சின்ன டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

"கேளு. உன் வவுத்துல நல்ல கிருமின்னு ஒரு பார்ட்டி, கெட்ட கிருமின்னு ஒரு பார்ட்டி. நீ துன்ன மாத்திரையில ரெண்டு பார்ட்டியும் காலி. இப்ப நல்லவனுங்கள உள்ள அனுப்பணும். இந்தச் சின்ன டப்பாவுல கீறது உயிருள்ள மாத்திரை. உள்ள கிருமி உயிரோட கீது. பெரிய டப்பா அவனுங்களுக்குச் சோறு. நார்ச்சத்துப் பவுடர். காலையில மாத்திரை, சாயங்காலம் பவுடர். வவுறு நல்லா இருந்தா எதிர்ப்பு சக்தி தானா வரும்."

அலெக்ஸாண்டர் அந்த மருந்துகளை விற்கும் ஒரு கம்பெனியில் ஏஜென்டாகச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. யார்டில் பாதிப் பேருக்கு அவன் விற்றிருக்கிறான். ஆனால் அவன் சம்பாதிக்கச் சேர்ந்தவன் இல்லை என்பது கோதண்டத்துக்குத் தெரியும். அவன் மனைவி ரெஜினாவுக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கீமோ போய்க்கொண்டிருந்தது. வியாதி தெரிந்த மாதம் யாரோ ஒருவர் அலெக்ஸாண்டரை அந்தக் கம்பெனியின் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். மேடையில் பேசியவர் எதிர்ப்பு சக்தியைப் பற்றியே பேசினார். அன்றிலிருந்து அவன் பேச்சும் அதுவாகவே ஆகிவிட்டது.

வீட்டில் அவன் மனைவி மங்கை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு மார்க்கெட்டில் மீன் கடை. எந்தப் பொருளையும் முதலில் மோந்து பார்ப்பது அவள் பழக்கம்.

"கிருமியைப் போய் டப்பாவுல அடைச்சி விக்கிறானுங்களா?"

"நல்ல கிருமிமே."

"நல்லதோ கெட்டதோ, நீ மொதல்ல ஒரு டாக்டராண்ட போயா. மூஞ்சியப் பாரு, கருவாடாட்டம் கீது."

"லீவு போட்டா ஏன்னு கேப்பாங்க. ஒரு வாரம் பார்க்கறேன்."

மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. பவுடர் செய்தது. குடித்த முதல் நாளே வயிறு உப்பி, உள்ளே இரும்பு உருளுவது போலச் சத்தம் வந்தது. பிடுங்கும் வலி. போவது குறைவதற்குப் பதில் கூடியது. அலெக்ஸாண்டரிடம் சொன்னான்.

"அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றான் அலெக்ஸாண்டர், சந்தேகமே இல்லாமல். "கெட்டது சாவுது, அதான் உள்ள ரகளை. ரெஜினாவுக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. வுடாம குடுத்துக்கினே வந்தேன். அப்பால அடங்கிடுச்சி."

கோதண்டம் நம்பினான். நம்பியதற்கு மேல் ஒரு பாதுகாப்பாக, ஷிப்டுக்கு முன்னால் வயிற்றைக் கட்டும் மாத்திரையும் போட ஆரம்பித்தான். அதைப் போட்டால் வயிறு கொஞ்ச நேரம் அடங்கும். ஆனால் கல் மாதிரி இறுகும். உடம்பு சுடும். மங்கை மார்க்கெட்டுக்குப் போகுமுன் மோர் கரைத்து வைத்துவிட்டுப் போவாள், அவன் அதைத் தொட மாட்டான்.

சித்திரை வெயில் ஆரம்பித்த ஒரு மத்தியானம். கூண்டின் ஏ.சி. வெறும் காற்றைத்தான் ஊதியது. அடுக்கிலிருந்து சரக்கு நிரம்பிய பெட்டி ஒன்றைத் தூக்கி, கீழே நின்ற டிரெய்லருக்கு மேல் கொண்டுவந்திருந்தான். டிரைவர் வண்டியை விட்டு இறங்காமல், கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

கோதண்டம் பெட்டியை இறக்கத் தொடங்கினான். அப்போது கண்ணாடித் தரை வழியாக அவனுக்கு இரண்டு டிரெய்லர்கள் தெரிந்தன.

கையை எடுத்தான். பெட்டி அந்தரத்தில் நின்றது. கண்ணை இறுக்கி மூடித் திறந்தான். டிரெய்லர் ஒன்றாகி, மறுபடி மெல்ல இரண்டாகப் பிரிந்தது. காதுக்குள் அலை அடிப்பது போல இரைச்சல். இடது பக்கத்தில் இருப்பதுதான் நிஜ டிரெய்லர் என்று நினைத்தான். அடுத்த நொடி வலது பக்கத்தில் இருப்பது என்று தோன்றியது. கீழே பின்னால் இன்னொரு வண்டி ஹாரன் அடித்தது.

வாக்கியை எடுத்தான்.

"டிரெய்லரு, வண்டியை முன்னாடி எடு. என் பெட்டிக்குக் கீழ யாரும் நிக்காதீங்க."

டிரைவர் நிமிர்ந்து மேலே பார்த்தான். லோகநாதனின் குரல் வந்தது.

"இன்னா கோதண்டம், வண்டியை ஏன் அனுப்பற? லோடு வை."

"சார், எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. உடம்பு முடியல. வண்டியை எடுக்கச் சொல்லுங்க. பெட்டியைத் தரையில வெச்சிட்டு கிரேனை ஆஃப் பண்றேன்."

அந்த அலைவரிசையில் எல்லா கிரேனும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு லோகநாதன், குரல் மாறி, "எடு, வண்டியை எடு, எல்லாரும் தள்ளுங்க" என்று கத்துவது கேட்டது.

டிரெய்லர் நகர்ந்தது. கீழே வெறும் தார்த்தரை. அது இரண்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. கோதண்டம் உதட்டைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறக்கினான். பெட்டி தரையைத் தொட்ட அதிர்வு கம்பி வழியாக மேலே வந்தது. பெட்டியைப் பிடித்திருந்த பூட்டை விடுவித்தான், சாவியைத் திருப்பினான். அதுவரை இழுத்துப் பிடித்திருந்த உடம்பு அப்போது விட்டுவிட்டது. வயிறும் அவனைக் கேட்காமல் போனது. உட்கார்ந்த இடத்திலேயே.

ஏணியில் ஏறி வந்தது அலெக்ஸாண்டர். கதவைத் திறந்தவன் ஒரு நொடி நின்றான். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஒண்ணியும் பேசாத. நான் பார்த்துக்கறேன்."

"மாமு, கலீஜா பூட்சிடா."

"வுடு. நான் பார்க்காத கலீஜா? ரெஜினாவுக்கு நான்தான் எல்லாம்."

தன் சட்டையைக் கழற்றிக் கோதண்டத்தின் இடுப்பில் கட்டினான். கயிறும் பெல்ட்டும் வரவழைத்து, இரண்டு பேர் துணையோடு கீழே இறக்கினார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, வேறு யாரையும் கூண்டுக்குள் விடாமல், அலெக்ஸாண்டரே வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு மேலே போய் எல்லாவற்றையும் துடைத்தான். கோதண்டத்துக்கு மயக்கம் வந்தது, அவ்வளவுதான் என்று கீழே சொன்னான். யார்டில் மற்றவர்களுக்கு இன்றுவரை அவ்வளவுதான் தெரியும்.

அரசு மருத்துவமனையில் அவனைப் பார்த்த டாக்டர் பெயர் எழில்மொழி. சின்ன வயது. வேகமாகக் கேள்வி கேட்பார், பதிலை முழுசாகக் கேட்பார். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகு கட்டிலருகில் வந்து நின்றார்.

"எத்தனை நாளா போகுது?"

"பல்லுக்கு மாத்திரை போட்டதுல இருந்து."

"என்ன மாத்திரை? அப்புறம் என்னென்ன சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

மங்கை கூடையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் வரிசையாக வைத்தாள். அட்டைகள், சின்ன டப்பா, பெரிய டப்பா. டாக்டர் வயிற்றைக் கட்டும் மாத்திரையைத்தான் முதலில் எடுத்தார்.

"இதை இனிமே தொடக்கூடாது. உள்ள விஷத்தை வச்சுக் கதவைப் பூட்டின மாதிரி." பிறகு பெரிய டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். "இந்தப் பவுடரும் இப்ப வேண்டாம். நார்ச்சத்து நல்லதுதான். புண்ணா இருக்கற குடல்ல இவ்வளவையும் ஒரேயடியாப் போட்டா உப்பும், வலிக்கும்."

"அந்த கிருமி மாத்திரை மேடம்?" என்றாள் மங்கை.

"சில பேருக்கு, சில நேரத்துல உதவும். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும்போதே சேர்த்துக் குடுத்தா பேதி வராம இருக்க வாய்ப்பு உண்டு. வந்தப்புறம் இதை வச்சு சரி பண்ண முடியாது. மலம் டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு."

"வூட்டுல பழைய சோத்துத் தண்ணி குடுத்தா ஆவாதா?"

"குணமானப்புறம் தாராளமா குடுங்க. இப்ப நாங்க சொல்றது மட்டும்."

டெஸ்ட் முடிவு வந்ததும் அவனை வார்டின் கோடியில் தனியாக ஒரு கட்டிலுக்கு மாற்றினார்கள். எழில்மொழி கையுறை போட்டுக்கொண்டு வந்தார். பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரைகள் குடலில் இருந்த நல்ல கிருமிகளைக் கொன்றுவிட்டன, காலியான இடத்தில் ஒரு கெட்ட கிருமி பெருகி விஷம் கக்குகிறது என்று விளக்கினார். அதற்கென்று தனி ஆன்டிபயாடிக் உண்டு, வாய் வழியாகவே தரலாம் என்றார்.

"மாத்திரையால வந்ததுக்கு இன்னொரு மாத்திரையா?" என்று கேட்டான் கோதண்டம்.

"ஆமா. ஆனா இந்தத் தடவை நான் சொல்ற மாத்திரை, நான் சொல்ற நாள் வரைக்கும்." அவர் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு. இது தொத்தும். பேதியில இருந்து கைக்கு வரும், கையில இருந்து வாய்க்குப் போகும். சானிடைசர் தடவினா இது சாகாது. சோப்புப் போட்டு, ஓடற தண்ணியில தேய்ச்சுக் கழுவணும். தொட்ட இடத்தையெல்லாம் பிளீச்சிங் போட்டுத் துடைக்கணும். வீட்டுல கேன்சர் மருந்து எடுக்கறவங்க, ரொம்ப முடியாதவங்க யாராவது இருக்காங்களா?"

"எங்க வூட்டுல யாரும் இல்ல மேடம்" என்றாள் மங்கை.

கோதண்டம் எழுந்து உட்கார்ந்தான். கூண்டின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்த அலெக்ஸாண்டர் அவன் கண்ணுக்கு முன்னால் நின்றான். பிறகு போனில் அவனே சொன்ன வாளி, துணி, வெறுங்கை. அந்தக் கையோடு அவன் ராயபுரம் வீட்டுக்குப் போயிருப்பான்.

"மேடம், என் தோஸ்து ஒருத்தன். அவன்தான் எல்லாத்தையும் தொடச்சி வுட்டான். அவன் பொண்டாட்டிக்குக் கீமோ போய்க்கினு கீது."

"உடனே சொல்லுங்க. கையைக் கழுவட்டும், போட்டிருந்த துணியைத் தனியா துவைக்கட்டும். அந்த அம்மாவுக்கு வயித்தால போனா தாமதிக்காம அவங்க டாக்டர்கிட்ட போகணும்."

"அவளுக்கும் இந்த உயிருள்ள மாத்திரையைத்தான் தினமும் குடுத்துக்கினு வர்றான்."

டாக்டர் போகத் திரும்பியவர் நின்றார்.

"அவங்க டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

"கீமோ குடுக்கும்போது ரத்தத்துல எதிர்ப்பு அணுக்கள் சில நாள் ரொம்ப இறங்கிடும். அந்த நேரத்துல நல்ல கிருமின்னு விழுங்கறதே ரத்தத்துக்குள்ள போய்த் தங்கிடலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது. அபூர்வம்தான். ஆனா ஆச்சுன்னா உயிருக்கு ஆபத்து. அவங்க டாக்டரைக் கேட்காம ஒரு வேளை கூட குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

டாக்டர் போன பிறகு கோதண்டம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். முதல் விஷயத்தைச் சொல்லிவிடலாம். இரண்டாவதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூண்டில் அலெக்ஸாண்டர் செய்ததை அண்ணன் தம்பி கூடச் செய்ய மாட்டான். அவனிடம் போய், நீ உன் பெண்டாட்டிக்குக் கொடுப்பது தப்பு என்று சொல்ல வேண்டும்.

"இன்னாத்துக்கு யோசிக்கற?" என்றாள் மங்கை. "போடு."

போட்டான். தொற்றும் என்ற விஷயத்தை அலெக்ஸாண்டர் பொறுமையாகக் கேட்டான். "சரி, சரி, சோப்புதானே, பார்த்துக்கறேன். கூண்டையும் மறுபடி துடைக்கச் சொல்றேன். நீ ஒடம்பப் பாரு" என்றான். பிறகு கோதண்டம் மாத்திரையைப் பற்றிச் சொன்னான்.

அலெக்ஸாண்டர் இடைமறித்தான்.

"யாரு சொன்னா?"

"டாக்டரம்மா."

"அவங்களுக்கு இன்னா தெரியும்? மருந்துக் கம்பெனிக்காரனுங்க இதெல்லாம் நல்லா ஆவக்கூடாதுன்னு பார்ப்பானுங்க. மீட்டிங்ல சொல்லிக்கீறாங்க."

"மச்சான், ஒரு தபா அவங்க டாக்டராண்ட கேட்டுட்டு..."

"நான் உன் கலீஜை அள்ளினேன்டா. என் கையால அள்ளினேன். நீ என்னைப் பார்த்து, என் பொண்டாட்டிக்கு நான் விஷம் குடுக்கறேன்னு சொல்ற."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற இன்னா சொன்ன?"

லைன் அறுந்தது. மறுபடி கூப்பிட்டான், எடுக்கவில்லை.

மங்கை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கெடங்க" என்றாள். "நாளைக்குக் காலையிலயும் அவன் எடுத்துக் குடுப்பான் இல்ல? நான் போய் அவளாண்டயே சொல்றேன்."

வீட்டுக்குப் போய்க் குளித்து, துவைத்த புடவை கட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள். ராயபுரத்தில் மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டியபோது ரெஜினாதான் திறந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். புருவம் இல்லாததால் முகம் எப்போதும் ஆச்சரியப்படுவது போல இருந்தது. அலெக்ஸாண்டர் வேலைக்குப் போயிருந்தான்.

"அக்கா! உள்ள வாங்க."

"வேணாம்மா. நான் ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் போய்க்கினு வந்துகினு கீறேன். இங்கயே நின்னு சொல்லிட்டுப் போறேன்."

வாசலுக்கு வெளியே நின்றபடியே டாக்டர் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ரெஜினா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கோபப்படவில்லை, பயந்ததாகவும் தெரியவில்லை.

"அந்த மாத்திரையால எனக்கு ஒரு நல்லதும் ஆவப்போறது இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும்க்கா" என்றாள் கடைசியில். "பவுடர் குடிச்சா வாந்திதான் வரும். ஆனா காலையில அவரு அத்த கையில வெச்சிக்கினு, தண்ணி டம்ளரோட, கட்டில் பக்கத்துல நிப்பாரு. நான் முழுங்கற வரைக்கும் நிப்பாரு. வேணாம்னு சொல்லிட்டா, எனக்காகச் செய்யறதுக்கு அந்த மனுஷனுக்கு வேற இன்னா கீது? அதனால முழுங்கினேன். கெடுதல்னு எனக்குத் தெரியாது."

"யாருக்குமே தெரியாது. அவருக்கும் தெரியாது. அதான் ஓடி வந்தேன்."

"நாளைக்கு ரத்த டெஸ்ட்டுக்குப் போறேன். நானே கேக்கறேன். அவர் முன்னாடியே கேக்கறேன்."

மங்கை படி இறங்கும்போது ரெஜினா மேலேயிருந்து கூப்பிட்டாள். "அண்ணனுக்கு எப்படி கீதுன்னு சொல்லாமயே போறீங்களே!"

"தேவல. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரு."

புதிய மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாள் கோதண்டத்துக்குக் காய்ச்சல் விட்டது. மெல்ல மெல்ல வயிறு அடங்கியது. வீட்டுக்கு வந்த பிறகும் உடம்பு தேற ஒரு மாதம் பிடித்தது. எழில்மொழி சொன்னபடி முதலில் சோறு, இட்லி, அப்புறம் கொஞ்சம் காய், அப்புறம் வாழைப்பழம், கேழ்வரகு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். மங்கை பழைய சோறு கொடுக்க ஆரம்பித்தது அதற்கும் பிறகுதான்.

யார்டில் யாரும் அவனைத் திட்டவில்லை. அவன் பயந்தது போல வேலையும் போகவில்லை. லோகநாதன் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "முடியலன்னா மொத நாளே சொல்லியிருக்கணும். அன்னிக்கு அந்தப் பெட்டி அந்த டிரைவர் மேல உக்காந்திருந்தா?" என்று கேட்டார். தப்புதான் என்று ஒப்புக்கொண்டான் கோதண்டம். பிறகு லோகநாதனே, "சொல்ற மாதிரி நாங்களும் வெச்சிக்கல" என்றார். மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, பெட்டி அடுக்குகளின் கோடியில் ஒரு கழிப்பறையும், கூப்பிட்டால் வர ஒரு கூடுதல் ஆபரேட்டரும் கிடைக்க வழி செய்தார். கோதண்டத்தைக் கொஞ்ச நாள் கீழே சிக்னல் வேலையில் போட்டார்கள்.

அலெக்ஸாண்டர் பேசவில்லை. கேட்டில் எதிரே வந்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ரெஜினாவுக்கு என்ன ஆயிற்று என்று கோதண்டத்துக்குத் தெரியாது. கேட்கவும் தயக்கம். மங்கை போன் செய்தபோது ரெஜினா, "நிறுத்திட்டோம்க்கா, அப்புறம் பேசறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

கோதண்டம் மறுபடி கூண்டில் ஏறிய நாள் மழை தூறியது. பாதி ஷிப்டு முடிந்து மாற்று ஆளாக வந்தது அலெக்ஸாண்டர்தான். இத்தனை நாள் ஒரே கிரேன் வராதபடி அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவனே கேட்டு வாங்கியிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. ஏணியில் ஏறி வந்து, கதவருகே நின்று, தலையைத் துவட்டினான்.

"எப்படி ஓடுது?"

"பிரேக்கு கொஞ்சம் லேட்டா புடிக்குது. பார்த்து இறக்கு."

"சரி."

கோதண்டம் எழுந்து இடம் விட்டான். அலெக்ஸாண்டர் உட்காரவில்லை.

"ரத்தத்துல அணு ரொம்பக் கம்மியா இருந்துச்சாம்" என்றான். "அன்னிக்கு டெஸ்ட் எடுத்தப்போ. கீமோவைத் தள்ளி வெச்சாங்க. மாத்திரையைக் காட்டினேன். அந்த டாக்டர் எழுந்து நின்னுட்டாரு. எத்தினி நாளா, எத்தினி நாளான்னு கேக்கறாரு. அவதான் பதில் சொன்னா. அப்பால வேற ரத்தப் பரிசோதனை பண்ணி, ஒண்ணும் பரவலன்னு சொல்ற வரைக்கும், நான் அந்த வராண்டாவுலயே குந்திக்கினு இருந்தேன்."

"இப்ப?"

"இப்ப நல்லா கீறா. கீமோ மறுபடி ஆரம்பிச்சாச்சி." கண்ணாடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தான். "உன்னாண்ட கத்திட்டேன்."

"வுடு மாமு."

"வுடு வுடுன்னு சொல்லாத. கேளு. இந்த யார்டுல நான் யார் யாருக்குக் குடுத்தேனோ எல்லாருக்கும் போன் பண்ணிக்கினு கீறேன். சும்மா துன்னறவன் துன்னட்டும், அது அவன் இஷ்டம். வூட்ல யாருக்காச்சும் பெரிய வியாதி இருந்தா, டாக்டராண்ட கேக்காம குடுக்காதன்னு சொல்றேன். முக்காவாசிப் பேரு சரின்னுட்டானுங்க. ஒருத்தன் சிரிக்கறான், வித்ததும் நீ, வேணான்றதும் நீயான்னு."

"யாரு?"

"எத்திராஜ். பழைய போர்க்லிப்ட் ஆபரேட்டர். அவன் மச்சானுக்குக் கிட்னி மாத்திக்கீறாங்க, எதிர்ப்பு சக்தியைக் கொறைக்கற மருந்து தினமும் துன்றான். அதுக்குன்னே ரெண்டு செட்டு வாங்கினான். இப்ப போனே எடுக்க மாட்றான்."

கீழே டிரெய்லர் ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. அலெக்ஸாண்டர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான்.

"அவன் வூடு எங்க?" என்று கேட்டான் கோதண்டம்.

"மூலக்கொத்தளம். சுடுகாட்டுப் பக்கம்."

"ஷிப்டு முடிஞ்சதும் கேட்டாண்ட நிக்கறேன். ரெண்டு பேருமா போவலாம். நான் படுத்துக் கெடந்த கதையச் சொல்றேன், அப்பவாச்சும் கேப்பான்."

அலெக்ஸாண்டர் தலையை ஆட்டிவிட்டு வாக்கியை எடுத்து, லோடுக்குத் தயார் என்று சொன்னான். கோதண்டம் ஈரமான ஏணிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினான்.